வெள்ளிக்கிழமைகளில் பழுதாகாத பொய்லர்

பொய்லர் திருத்தும் பிள்ளைகளே, போன கிழமை உங்களில் இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்திருந்தீர்கள். தேநீர் குடித்தபடி ஒருவர் சொன்னார்: "அங்கிள், அந்த வீட்டுப் பொய்லர் சும்மா சும்மா நிக்குது. சென்சர் பழுது. மாத்தோணும் எண்டு எழுதிக் குடுத்திட்டு வந்திட்டன்." மற்றவர் தலையாட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் கத்தியிருப்பேன், மனைவி உள்ளே படுத்திருந்தாள். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்திலும் கொஞ்சம் கத்துவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொய்லர் சும்மா நிற்காது. அதற்கென்ன கோபமா, கொழுப்பா, லீவு கேட்கிறதா? அது நிற்கிறதென்றால் ஏதோ ஒன்று அதை நிறுத்துகிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள். "சென்சர் பழுது" என்று எழுத எழுதப் படிக்கத் தெரிந்த யாராலும் முடியும். நானும் ஒரு காலத்தில் அதைத்தான் எழுதினேன். எழுதியதோடு நிற்காமல் இன்னொன்றும் செய்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி. இத்தாலியில், பலெர்மோவில் பொய்லர் திருத்தும் சிறிய கடை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். பலெர்மோ வெயில் ஊர்தானே, அங்கே என்ன ஹீட்டிங் என்று கேட்பவர்கள் மாசி மாதத்தில் அல்பெர்கேரியா என்ற பழைய பகுதியின் கல்வீடுகளில் ஒரு கிழமை இருந்து பார்க்கவேண்டும். சுவரே நீர் விடும். அந்த ஒடுங்கிய சந்துகளில் மலிவு வாடகைக்கு இருந்தது முக்கால்வாசி இலங்கையிலிருந்து வந்த எங்கள் சனம். முதலாளி வெள்ளிக்கிழமைகளை அந்தப் பக்கத்துக்கென்று ஒதுக்கி, என்னை அனுப்புவார். "உன் ஆட்கள், நீயே போய்க் கதை" என்பார்.

என் ஆட்களோடு கதைப்பது இலகு என்று அவர் நினைத்தார். அந்தக் காலத்துப் பொய்லர்கள் சமைக்கும் குசினியிலேயே தொங்கும், அந்தக் குசினிக் காற்றை இழுத்துத்தான் எரியும். அதனால் சுவரில் ஒரு காற்றுத் துவாரம் கட்டாயம் இருக்கவேண்டும், அது எப்போதும் திறந்திருக்கவேண்டும். இதை எங்கள் சனத்துக்குச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போனது. குளிர் வருகிறதென்று பத்திரிகைத் தாளைத் திணித்திருப்பார்கள். தலையணை வைத்திருப்பார்கள். ஒரு வீட்டில் துவாரத்தின் மேல் மாதாவின் படம் போட்ட கலண்டரை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். அதைக் கழற்றியபோது அந்த வீட்டு அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. மன்னாரில் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கன் நான், மாதாவையே இறக்கிவைத்துவிட்டேன்.

யோகனும் கலாவும் அப்படியான ஆட்கள் இல்லை. யோகனுக்கு வியா மக்வேதா தெருவில் ஒரு கடையில் துப்புரவு வேலை. கலா நாலு வயது மகள் துளசியோடு வீட்டில். மூன்றாம் மாடி, நான்காம் மாடியில் வீட்டுக்கார இத்தாலிய அம்மா, சிஞ்ஞோரா. வீடு கண்ணாடி மாதிரி. நான் போகும்போதெல்லாம் குசினி ஜன்னல் விரியத் திறந்திருக்கும், சாமிப்படத்துக்கு முன்னால் ஊதுபத்தி எரியும், எனக்குத் தேநீர் தயாராக இருக்கும். காற்றுத் துவாரம் திறந்தே இருந்தது. அதன் சல்லடை மூடியைப் பார்த்து நான் அசந்துபோனேன். எந்த வீட்டிலும் அதில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து பிசின்போலப் படிந்திருக்கும். இங்கே பளிச்சென்று இருந்தது. "தங்கச்சி, உங்களைப்போல எல்லாரும் வீடு வச்சிருந்தா எனக்கு வேலையே இல்லை" என்று பாராட்டினேன். பாராட்டினேனாம், மடையன்.

அவர்களுடைய பொய்லர் புதிது. அதில் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்த ஒரு சிறு சென்சர் இருந்தது, காசளவு. மேலே புகைபோக்கிக்குள் போகவேண்டிய புகை திரும்பிக் குசினிக்குள் விழுந்தால் அது சூடாகிப் பொய்லரை நிறுத்திவிடும். எங்கள் தொழிலில் அந்த நாட்களில் யாருக்கும் அதைப் பிடிக்காது. தொட்டதற்கெல்லாம் நிறுத்துகிறது என்று எல்லோரும் அதைத் திட்டினோம்.

முதல் தடவை கலா கடைக்கு அழைத்தாள். "அண்ணை, மத்தியானத்திலை நிண்டுபோகுது. ஆறவிட்டுப் பட்டனை அமத்தினா திரும்ப எரியுது." வெள்ளிக்கிழமை போனேன். நன்றாக எரிந்தது. பர்னரைத் துடைத்துவிட்டு வந்தேன். அடுத்த கிழமை திரும்பவும் அழைப்பு. திரும்பவும் வெள்ளிக்கிழமை போனேன். சாமிப்படத்தடியிலிருந்து ஒரு ஊதுபத்தியை வாங்கிப் பொய்லரின் மேல்வாயில் பிடித்தேன். புகை நேராக மேலே போனது. ஒரு குறையும் இல்லை. மூன்றாவது கிழமை அழைப்பு வந்தபோது எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. போனேன், பிடித்தேன், புகை மேலே போனது. துளசி ரேடியேட்டரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, இருமியபடி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சென்சர்தான் பிழை" என்றேன். "புதுசு வர ரெண்டு, மூண்டு கிழமை எடுக்கும்."

"அதுவரைக்கும் பிள்ளை குளிரிலையோ அண்ணை?"

இந்த இடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்த யாராவது இருந்திருக்கலாம். சென்சரின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டேன். இனிப் புகை திரும்பினாலும் பொய்லருக்குத் தெரியாது. பிள்ளை குளிரில் இருக்கிறதே என்ற இரக்கம்தான். நாலாவது தடவையும் அந்த மாடிப்படி ஏற முடியாது என்ற சலிப்பும்தான். எது கூடுதல் என்று இன்றைக்கும் எனக்குள் தீர்க்க முடியவில்லை. கலா இரண்டு கையாலும் தேநீரை நீட்டி நன்றி சொன்னாள்.

அதற்குப் பிறகு அழைப்பே வரவில்லை. பார்த்தீர்களா, சென்சர்தான் பழுது என்று முதலாளியிடம் பெருமையாகச் சொன்னேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சனம் வழக்கமாகச் சாந்தா ரொசாலியாவின் மலைக் கோவிலுக்கு நடந்து ஏறும். கத்தோலிக்கர், சைவர் என்று பேதமில்லை, எல்லாரும் ஏறுவோம். அன்றைக்கு நான் ஏறியபோது கடைசி வளைவில் யோகனைக் கண்டேன். தனியே வந்திருந்தான்.

"எங்கை தம்பி, கலா வரேல்லையோ?"

"இல்லை அண்ணை. அவவுக்கு ரெண்டு கிழமையா ஒரே தலையிடியும் சத்தி எடுக்கிறதும். பிள்ளையும் சோர்ந்துபோய்க் கிடக்குது. அதுதான் ரொசாலியா அம்மாவிட்டை ஒரு நேர்த்தி வைப்பமெண்டு வந்தனான்."

"டொக்டரிட்டைக் காட்டினனீங்களோ?"

"காட்டினது. குளிர்க் காய்ச்சல் எண்டிட்டார். ஆனா ஒரு புதினம் அண்ணை. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஒரு வருத்தமும் இல்லை. விரத நாளெல்லோ. அந்த ரெண்டு நாளும் கடவுள் எங்களைக் காப்பாத்துறார்."

நான் நின்றுவிட்டேன். இரண்டு கிழமைக்கு முன்தான் நான் அந்த வயரைக் கட்டினேன். வெள்ளிக்கிழமை என்றதும் மனதுக்குள் கணக்குப் போடத் தொடங்கினேன். நான் அந்த வீட்டுக்குப் போனதெல்லாம் வெள்ளிக்கிழமை.

"வெள்ளியிலை என்ன சமைக்கிறனீங்கள்?"

"மரக்கறிதானே."

"மற்ற நாளிலை?"

"மீன், கருவாடு, இறைச்சி. ஏனண்ணை?"

"மீன் பொரிக்கேக்கை கலா குசினியிலை என்ன செய்யிறவ? வடிவா யோசிச்சுச் சொல்லு."

"ஒண்டும் செய்யிறதில்லை. ஜன்னலைச் சாத்திப்போட்டு, அடுப்புக்கு மேலை கூரைப்பக்கம் இழுக்கிற விசிறியைப் பலமாப் போடுவா. அந்தச் சுவர் ஓட்டையைத் துணியாலை அடைப்பா. ரெண்டும் உள்முற்றத்துப் பக்கமெல்லோ, சிஞ்ஞோரா அங்கைதான் உடுப்புக் காயப்போடுறவ. ஒருக்கா மணக்குதெண்டு ஏசினவ."

சமைத்து முடிந்ததும் துணியை எடுத்து, சல்லடையைத் துடைத்துவிடுவாளாம். அதுதான் அந்தப் பளிச்.

உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. விசிறி குசினிக் காற்றை வெளியே இழுக்கிறது. உள்ளே காற்று வர வழியில்லை. பிறகு காற்று எங்கிருந்து வரும்? புகைபோக்கி வழியாகக் கீழே இழுக்கும். பொய்லரின் புகை முழுக்கக் குசினிக்குள் கொட்டும். அதில் இருக்கும் விஷத்துக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூன்று கிழமையாக அந்தக் காசளவு சென்சர் இதைத்தான் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறது. நான் போய் அதன் வாயைக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

"இண்டைக்கு என்ன சமையல்?"

"மீன். காலமை பலாரோச் சந்தையிலை வாங்கிக் குடுத்திட்டுத்தான் வந்தனான். இப்ப பொரிப்பா."

கோவிலடித் தேநீர்க் கடையில் ஒரு தொலைபேசி இருந்தது. அங்கே ஓடினோம். யோகனின் வீட்டுக்கு அடித்தேன். மணி போனது, போய்க்கொண்டே இருந்தது. மலையிலிருந்து பஸ்ஸில் போய்ச் சேர ஒரு மணித்தியாலமாவது பிடிக்கும். அந்த வீட்டுக்கு ஒரு நிமிடத்தில் போகக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான், மேல்மாடிச் சிஞ்ஞோரா. சாவியும் அவரிடம் இருந்தது.

"சிஞ்ஞோராவின்ரை நம்பரைச் சொல்லு."

யோகன் என் கையைப் பிடித்தான். "அண்ணை, அவவுக்கு வேண்டாம். வீட்டு வாடகைக் கொன்ட்ராட்டோ அடுத்த மாசம் முடியுது. ஓட்டையை அடைச்சு மீன் பொரிக்கிறமெண்டு கண்டா வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப்போடுவா. வீடில்லாட்டி இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெஸ்ஸோவும் இல்லை. கலா குளியலறையிலை நிக்கிறாவாக்கும், இன்னொருக்கா அடிச்சுப் பாருங்கோ."

அவனைக் குறை சொல்லாதீர்கள். ஒரு கையெழுத்தில் முழுக் குடும்பமும் தொங்கிக்கொண்டிருந்த காலம் அது. இன்னொரு தடவை அடித்துப் பார்க்கலாம் என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. கலா எடுத்துவிட்டால் நான் கட்டிய வயர் யாருக்கும் தெரியவராது. அந்த நினைப்பு வந்தது, மறைக்கமாட்டேன்.

"யோகன், உன்ரை பிள்ளை செத்துக்கொண்டிருக்குது. நம்பரைச் சொல்லு."

சொன்னான். சிஞ்ஞோரா எடுத்தார். கதவைத் திறந்து முதலில் பிள்ளையையும் தாயையும் படிக்கட்டுக்கு இழுத்துவிடுங்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைத் திறவுங்கள், உள்ளே நிற்கவேண்டாம் என்றேன். ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை அந்த மனுசி. தொலைபேசியை வைக்காமலே ஓடினார், செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு அவசர இலக்கத்துக்கு அடித்தேன். மெழுகுதிரி விற்கிறவர் ஒருவர் தன் வான் வண்டியில் எங்களை ஏற்றினார். இறங்கும் வழி முழுக்க யோகன் முன்னிருக்கையை இறுகப் பிடித்திருந்தான்.

தெருவுக்குள் திரும்பியபோது பிள்ளை அழும் சத்தம் கேட்டது. வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல சத்தம் அதுதான். துளசி சிஞ்ஞோராவின் மடியில் படிக்கட்டில் இருந்து அலறிக்கொண்டிருந்தாள். கலா சிஞ்ஞோராவின் குளிர்ச்சட்டையைப் போர்த்தியபடி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். குசினி நிலத்தில் விழுந்து கிடந்தாளாம், தொலைபேசி மணி எங்கேயோ தூரத்தில் கேட்டதாம். சந்தைக் கூட்டத்தைத் தாண்டி அப்போதுதான் வந்துசேர்ந்த அம்புலன்ஸ்காரர் ஒட்சிசன் கொடுத்து இருவரையும் ஏற்றினார்கள். யோகனும் போனான்.

நான் மேலே போனேன். தீயணைப்புக்காரர் மாடியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த இடைவெளியில், குசினியில் நான் தனியே. ஒரு நாணயத்தால் பொய்லர் மூடியைத் திருகிக் கழற்றி, வயரை இழுத்தெடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஆம், அதையும் செய்தேன். அவர்கள் வந்து சுவர்த் துவாரத்திலிருந்து நனைத்துச் சுருட்டிய, யோகன் இடுப்பில் கட்டும் பழைய சாரம் ஒன்றை உருவினார்கள். துவாரம் அடைக்கப்பட்டிருந்தது என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

சிஞ்ஞோரா அந்தச் சாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்மீது பாய்ந்தார். "ஒரு தடவை சொன்னேன்! ஒரே ஒரு தடவை! அன்றைக்கு என் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போட வெளுத்த சட்டை காய்ந்தது. கீழே முழுச் சந்தையும் மீன் நாறுகிறது, இவர்களுடைய மீன்தானா எனக்குக் கணக்கு? உங்களுக்கு வாய் இல்லையா? கேட்கத் தெரியாதா?" எங்கள் சனத்துக்கு ஒரு தடவை சொன்னால் போதும், ஆயுள் முழுக்கப் பயந்துகொண்டிருப்போம் என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். துளசி கட்டிலில் இருந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். யோகன் கலாவை ஏசிக்கொண்டிருந்தான். "உன்ரை துணியாலை பிள்ளையைக் கொல்லப் பாத்தியே! படிச்ச பெட்டைதானே, மூளை இல்லையோ?" என்னைக் கண்டதும் கலா எழும்ப முயன்றாள்.

"என்ரை பிழை அண்ணை. உங்களையும் வீணா எத்தினை தரம் அலைய வச்சிட்டன்."

"ஏன் தங்கச்சி எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே அண்ணை."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். மூன்று தடவை அந்தக் குசினியில் நின்று தேநீர் குடித்தேன். எந்த நேரத்தில் நிற்கிறது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜன்னலைச் சாத்தி, விசிறியைப் போட்டு ஒரு தடவை பிடித்துப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை அவர்கள் மரக்கறி என்பது எனக்குத் தெரியாத செய்தியா? வேறு நாட்டான் ஒருவன் அதை அறியாமல் விட்டிருந்தால் மன்னிக்கலாம். எனக்கு என்ன சாட்டு இருக்கிறது?

வயரை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். என்ன செய்தேன் என்று சொன்னேன்.

யோகன் அதைக் கையில் எடுத்தான். "இது இல்லாட்டி?"

"பொய்லர் நிண்டிருக்கும். வீடு குளிர்ந்திருக்கும். அவ்வளவுதான்."

"போங்கோ அண்ணை" என்றான். குரலை உயர்த்தவில்லை. போய்விட்டேன்.

அங்கிருந்து நேரே கடைக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன். தீயணைப்புக்காரரிடமும் போய், அவர்களுடைய காகிதத்தில் வயர் விஷயத்தைச் சேர்க்கச் சொன்னேன். முதலாளி கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க என்னைப் பொய்லர் பக்கம் விடவில்லை, ரேடியேட்டர் சுமந்தேன். அவர் என்னைத் துரத்தாமல் விட்டதே பெரிய காரியம். சிஞ்ஞோரா கொன்ட்ராட்டோவைப் புதுப்பித்துக் கொடுத்தார் என்று வேறு ஆட்கள் சொல்லிக் கேள்விப்பட்டேன். உடுப்புக் கொடியையும் மொட்டைமாடிக்கு மாற்றிக்கொண்டாராம், படியேற முழங்கால் வலிக்கிறதென்று ஒவ்வொரு நாளும் தெருவுக்கே கேட்கப் புறுபுறுத்துக்கொண்டு. யோகனை எங்கேயாவது தெருவில் கண்டால் அவன் மற்றப் பக்கத்தால் போவான்.

அடுத்த குளிர் தொடங்குவதற்கு முன் ஒரு நாள் முதலாளி தொலைபேசியை என்னிடம் நீட்டினார். கலா.

"அண்ணை, பொய்லரை ஒருக்காப் பாக்கோணும்."

"வேறை ஆளை அனுப்பட்டோ தங்கச்சி?"

"வேண்டாம், நீங்கள் வாங்கோ. ஆனா வெள்ளிக்கிழமை இல்லை. ஞாயிறு மத்தியானம் வாங்கோ. மீன் பொரிக்கேக்கை வந்து பாருங்கோ."

போனேன். கதவைத் திறந்தது யோகன். வாங்கோ என்று சொல்லவில்லை, விலகி வழிவிட்டான். குசினி ஜன்னலை அவனே சாத்தினான். விசிறியை முழுப் பலத்தில் போட்டான். கலா மீனை ஒவ்வொரு துண்டாகச் சட்டியில் போட்டாள். நான் ஊதுபத்தியைப் பொய்லரின் மேல்வாயில் பிடித்துக்கொண்டு நின்றேன். யோகன் என் பக்கத்தில் நின்று அந்தப் புகையையே பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. கடைசித் துண்டு பொரிந்து இறக்கும்வரை நான் கையை எடுக்கவில்லை. புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

பிறகு காற்றுத் துவாரத்துக்குப் போனேன். சல்லடையில் தூசியும் எண்ணெயும் பிசினாகப் படிந்திருந்தது. அத்தனை துப்புரவான வீட்டில் அந்த ஒரு இடம் மட்டும் அவ்வளவு அழுக்கு.

"துடைக்க மறக்கேல்லை அண்ணை" என்றாள் கலா. "அதிலை ஒருநாளும் துணி படேல்லை எண்டு நீங்கள் வந்து பாக்கோணும் எண்டுதான் விட்டுவச்சனான்."

நானே அதைக் கழற்றி, குசினித் தொட்டியில் கழுவித் திரும்பப் பூட்டினேன். என் கண் கலங்கியதற்கு மீன் பொரித்த புகை காரணம் இல்லை. அது வெளியே போய்விட்டிருந்தது. திரும்பியபோது யோகன் எனக்கு ஒரு கோப்பை தேநீர் போட்டு வைத்திருந்தான்.

ஆகவே, போன கிழமை வந்த இரண்டு பேருக்கும் சொல்கிறேன். அந்த வீட்டுக்குத் திரும்பப் போங்கள். அவர்கள் சமைக்கும் நேரத்தில் போங்கள். ஜன்னலைச் சாத்துங்கள், விசிறியைப் போடுங்கள், சமையல் முடியும்வரை நில்லுங்கள். நாளைக்கே போங்கள்.